ஊதுங்க

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரின் பெண்டாட்டிக்கு மூக்கு என்றால் அப்படி ஒரு மூக்கு. அவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், தெருமுனை திரும்பும்போதே இவளுக்குச் சேதி வந்துவிடும். குடித்தாரா என்பது மட்டுமில்லை, மதியம் குடித்ததா, இப்போதுதான் தொண்டையில் இறங்கியதா என்பதுவரை புட்டுப் புட்டு வைப்பாள். அந்த மூக்கிடம் மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லித் தப்பியதில்லை.

குடியை விட்ட அன்று அவராகவேதான் அந்த ஏற்பாட்டைச் சொன்னார். "காலைல கெளம்பும்போதும் சாயங்காலம் வரும்போதும் வாசல்ல நிறுத்தி என் வாய மோந்து பாரு. வாடை வந்துச்சுன்னா வேன் சாவியப் பிடுங்கிக்க. ஊர்ப் புள்ளைங்க உசுரு என் கையில இருக்கு."

அன்றிலிருந்து வாசற்படியில் அவள் "ஊதுங்க" என்பதும், அவர் நல்ல பிள்ளையாகக் குனிந்து ஊதுவதும் தவறியதே இல்லை. பக்கத்து வீட்டார் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கே சிரித்து அலுத்துப்போனது.

அப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் அவளுக்கு வந்தது. போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோறு வாயில் ஈரப் பஞ்சு மாதிரிக் கிடந்தது. "தானா வரும்மா, சிலருக்கு நாளாகும்" என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று கேட்டதற்குக் கையை விரித்தார். அவள் கிராம்பை முகர்ந்தாள், வெங்காயத்தை நசுக்கி முகர்ந்தாள், தைல டப்பாவுக்குள் மூக்கையே நுழைத்தாள். கண்தான் எரிந்தது.

புருஷனிடம் மூச்சுவிடவில்லை. எப்படிச் சொல்வது? அவரைக் கடைப் பக்கம் போகவிடாமல் வைத்திருந்ததே இந்த மூக்கின் மேல் இருந்த பயம்தானே. காவல் நாய் செத்துப்போச்சு என்று திருடனுக்கு யாராவது சொல்லி அனுப்புவார்களா? புருஷனைப் போய்த் திருடன் என்று நினைத்ததற்காகத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

ஆகவே தினமும் "ஊதுங்க" என்றாள், முகர்கிற மாதிரி மூச்சை இழுத்தாள், தலையாட்டினாள். எதிர்வீட்டுக் குட்டிப் பெண் கையாட்டிக்கொண்டு போகும் அந்த வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலைவிட்டு நகரமாட்டாள்.

வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுப்பது அவள் தொழில். ஒருநாள் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டு, திரும்பி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏய், என்னமோ கருகுது!" என்று குளியலறையிலிருந்து அவர் கத்தினார். ஓடிப் போய்ப் பெட்டியைத் தூக்கினால், யாருடைய சட்டையோ, காலர் கறுத்துப்போயிருந்தது.

"மூக்கடைப்புங்க" என்று சமாளித்தாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான் படியேறி வந்து நின்றார்.

"ஊதுங்க."

ஊதினார்.

"சரி, உள்ள வாங்க."

அவர் நகரவில்லை. "நல்லாப் பாரு."

"பாத்தாச்சு. ஒண்ணுமில்ல. கை கால் கழுவுங்க."

அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தார். "குடிச்சிருக்கேன்டி."

அவள் ஒரு படி இறங்கி அவர் எதிரில் நின்றாள்.

"சட்டை கருகின அன்னிக்கே எனக்குத் தெரியும். உப்புக் கரிச்ச சோத்தையெல்லாம் வாயத் தொறக்காம தின்னேனே, எதுக்குன்னு நெனச்ச? தெரியாத மாதிரியே இருந்துட்டா பயமும் அப்படியே இருக்கும்னு பாத்தேன். இன்னிக்கு முடியல."

"எப்ப குடிச்சீங்க? புள்ளைங்கள எறக்கிவிடறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்தான்."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தக் காலத்திலும் நிஜம் சொன்னாலும் தரையைத்தான் பார்ப்பார், பொய் சொன்னாலும் தரையைத்தான் பார்ப்பார். அவர் முகத்தை நம்பி அவள் என்றைக்கும் எதையும் முடிவு செய்ததில்லை.

சாவியை அவராகவே நீட்டினார். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் என்றால் மன்னிக்கலாம், என்றைக்காவது திருப்பித் தரலாம். முன்னாடி என்றால் ஆயுசுக்கும் தரக்கூடாது. அதைச் சொல்ல வேண்டிய மூக்கு முகத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது.

அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்தோடு வைத்து அழுத்தினாள். ஒரு காலத்தில் குடலைப் புரட்டிய அந்த நாற்றம் ஒரே ஒரு தடவை வந்தால் போதும் என்றிருந்தது.

"ஊதுங்க" என்றாள்.

ஊதினார்.

"இன்னும் பலமா ஊதுங்க."

அவர் அழுதுகொண்டே ஊதினார். சூடான காற்று அவள் உதட்டில் பட்டது. அவ்வளவுதான்.