நாற்காலிக்கு எதிரே மீன்தொட்டி

பக்கவாதம் வந்து பேச்செல்லாம் போன பிறகு வுகாஷினின் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. மரமண்டை. தாகம் எடுத்தாலும் மரமண்டை, கால் இழுத்தாலும் மரமண்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போயானா வந்து நெற்றியில் முத்தமிட்டாலும் அதே மரமண்டைதான்.

"சில பேருக்கு இப்படி ஆகும்மா. வாய்க்கு ரொம்பப் பழகின வசவு மட்டும் தங்கிடும். அவர் வேற ஏதோ சொல்ல நினைக்கிறார், வாயில அதுதான் வருது. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் டாக்டர்.

மனைவி ராதோய்கா தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர் என்பதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

பான்செவோ நகரில் அவர்களுடைய நாலாவது மாடி வீட்டுக் கூடத்தில் பெரிய மீன்தொட்டி ஒன்று இருந்தது. கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் வுகாஷின் தன் கையாலேயே வெட்டி ஒட்டியது. உள்ளே ஏஞ்சல் மீன்கள். தண்ணீர் மாற்றும் நாளில் அவர் சிகரெட்டோடு உட்கார்ந்திருப்பார். குளியலறையிலிருந்து வாளி வாளியாகச் சுமப்பது ராதோய்கா. போயானா வயிற்றில் இருந்தபோதும் அவள்தான் சுமந்தாள். ஒருமுறை தண்ணீர் கொஞ்சம் சில்லென்று இருந்துவிட, இரண்டு மீன்கள் செத்துப்போயின. விருந்தாளிகள் நிறைந்த சாப்பாட்டு மேஜையில் அவற்றை ஒரு தட்டில் வைத்து அவள் முன்னால் தள்ளினார். "கொன்னவளே தின்னட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்ததும், போயானா நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டாள். "அப்பா மீனையாவது பார்த்துக்கிட்டு இருக்கட்டும்மா."

குளிர்காலத்துக்கு விழுது கிளறி வைக்க, அடுப்பில் சிவப்பு மிளகாய்களைச் சுட்டுக்கொண்டிருந்த வாரம் அது. கூடத்துக்கு வந்த ராதோய்காவின் காலுறை நனைந்தது. அவர்தான் நனைத்துவிட்டார் என்று நினைத்துக் குனிந்து தொட்டுப் பார்த்தாள். கால்சட்டை காய்ந்துதான் இருந்தது. பிறகுதான் தொட்டியின் அடி மூலையைக் கவனித்தாள். பழைய பசை உரிந்திருந்தது. ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அடுத்தது திரண்டது.

என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். மீன்களை வேறு தண்ணீருக்கு மாற்றி, தொட்டியைக் காலிசெய்து, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதிதாகப் பூசிக் காய விட வேண்டும். மீனுக்கு ஆகாத பசையைப் பூசிவிடக் கூடாது. நல்ல பசைக்குழாய் பால்கனி அலமாரியிலேயே இருந்தது, முனைகூட வெட்டாமல்.

வுகாஷினும் பார்த்துவிட்டார். நல்ல கையை நீட்டி மூலையைக் காட்டினார். "மரமண்டை" என்றார். குரல் கெஞ்சியது, கண்கள் கலங்கியிருந்தன.

"என்னங்க, என்னையா கூப்பிட்டீங்க?"

"மரமண்டை."

"ஆமாங்க, நான்தான். மிளகாய் கருகுது, இருங்க." அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது ஒரு தட்டையான பாத்திரத்தைக் கொண்டுவந்து மூலைக்கு அடியில் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். பாத்திரம் நிறைந்தால் கொட்டினாள். தொட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றவில்லை. நாளாக ஆக மட்டம் இறங்கியது. வடிகட்டி காற்றை உறிஞ்சிக் கடகடத்தது. அதையும், வெளியே தலைகாட்டிய சூடாக்கியையும் பிடுங்கிப் போட்டாள். அவர் முன்னால் உட்கார்ந்து மிளகாய்த் தோல் உரித்தாள்.

கீழ்வீட்டு தேசங்கா ஏறி வந்தாள். "அக்கா, எங்க கூரையில ஈரம் பூத்திருக்கு. மேல என்ன, ஆறு ஓடுதா?"

"தொட்டி ஒழுகுதுடி. உக்காரு, காப்பி போடறேன்."

"என் மருமகன் வந்தா ஒரு மணி நேரத்துல ஒட்டிக் குடுத்துடுவான். அனுப்பட்டுமா?"

ராதோய்கா கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இவ மருமகனைக் கூப்பிடலாமா?"

வுகாஷின் நாற்காலியில் நிமிர்ந்தார். முகமே மலர்ந்துவிட்டது. "மரமண்டை! மரமண்டை! மரமண்டை!"

"கேட்டியா? ஆகாதாம். வேற யார் கையும் படக்கூடாதாம். அவரே ஒட்டின தொட்டியாச்சே."

"படுத்தும் திமிர் போகல பாரு!" தேசங்கா சிரித்துவிட்டாள். தரையில் இரண்டு துண்டு விரித்து வைக்கச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டு இறங்கிப் போனாள். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடைக்குப் போய்த் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. அவர் தரையில் கிடந்தார். எப்படியோ சரிந்து, உடம்பை இழுத்து இழுத்துத் தொட்டிவரை போயிருக்கிறார். நல்ல கையின் உள்ளங்கை ஒழுகும் மூலையை அழுத்திக்கொண்டிருந்தது. சட்டைக்கை தோள்வரை நனைந்து, உடம்பு வெடவெடத்தது.

அவள் கடைப் பையைக் கீழே வைத்தாள். தூக்கி உட்காரவைத்து, துடைத்து, உலர்ந்த சட்டை மாட்டிவிட்டாள். பொத்தான் போடும்போது முகம் பக்கத்தில் வந்தது.

"ஒட்டணுமா?"

கண்ணை மூடித் திறந்தார்.

"என் பேரைச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை. இப்பவே ஒட்டறேன்."

அவர் உதடுகள் குவிந்தன. தொண்டை ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. 'ரா' வராதா என்று அவளும்தான் அந்த வாயையே பார்த்தாள். "ம..." என்றார். அழுகையோடு மிச்சமும் வந்தது.

"சரி" என்று கடைசிப் பொத்தானைப் போட்டாள். அவரால் முடியாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை.

அதன் பிறகு மீன்கள் ஒவ்வொன்றாகப் போயின. உயரமான உடம்பு, நிற்கத் தண்ணீர் இல்லாமல் பக்கவாட்டில் படுத்து வாயைத் திறந்து மூடின. செத்ததை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிக் கழிவறைக்குப் போவாள். தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் குலுங்கும்.

கடைசியாக இருந்தது கறுப்பு மீன். அவர் விரலிலிருந்து தீனி தின்னும் கிழட்டு மீன் அது. அதுவும் முடிந்துவிட்டதென்று எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு துடிப்பு. ராதோய்கா நின்றாள். நேரே அடுப்படிக்குப் போய், முட்டைக்கோஸ் ஊறவைக்கக் கழுவி வைத்திருந்த பீப்பாயில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிரப்பி அதை விட்டாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பிறகு வெறுங்கையை மூடிக்கொண்டு அவரைத் தாண்டிப் போய், கழிவறையில் தண்ணீரை இழுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போயானா வந்தாள். காலித் தொட்டியைப் பார்த்து முகம் சுருங்கி அடுப்படிக்கு வந்தவள், பீப்பாயைப் பார்த்துக் கூவினாள்.

"அம்மா! கறுப்பன் உயிரோட இருக்கானே!"

கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. "மரமண்டை! மரமண்டை!"

"அப்பாவுக்குக் கேட்டுடுச்சு. ஒரு கிண்ணத்துல எடுத்துட்டுப் போய்க் காட்டட்டுமா?"

"வேண்டாம்டி. அவருக்கு இப்ப மீன்னாலே ஆகல. எப்படிக் கத்துறார், கேக்குதில்ல? பார்த்தா ரத்தக் கொதிப்பு ஏறிடும்."

போயானா கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டாள். "பாவம்மா நீ" என்று அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். பிறகு தானே போய் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

ராதோய்கா மகளுக்குச் சூப்பு ஊற்றிக் கொடுத்தாள். விரல் நுனியில் கொஞ்சம் தீனி எடுத்துப் பீப்பாய்க்கு மேலே பிடித்தாள். கறுப்பு மீன் மெல்ல மேலே வந்தது.