ரேகை பதியாத நாற்பத்தொரு பேர்

அனல்மின் நிலையம் மார்ச்சில் மூடப்படுகிறது. வேலை இழப்பவர்களுக்குப் புதிய சூரிய மின் நிலையத்தில் பயிற்சி, பிறகு வேலை. யார் யாருக்கு என்ற பட்டியலைத் தயாரித்தது நான். விதியை எழுதியதும் நான்தான்: முன்வாசல் கைரேகை மிஷினில் மூன்று வருட வருகை பதிவாகியிருக்க வேண்டும், கையால் எழுதிய பதிவு செல்லாது. போலிப் பெயர் நுழையாது என்று தேர்வுக் குழுவில் பாராட்டினார்கள்.

மனைவி இறந்த மூன்றாவது வாரம் எழுதியது அது. வீட்டில் இருப்பதைவிட ஆபீஸ் எளிதாக இருந்தது.

பட்டியல் ஒட்டிய அன்று காலை மச்சான் என் அறைக்கு வந்தார். அவளுடைய அண்ணன். சாம்பல் பிரிவில் பதினாறு வருட ஒப்பந்தத் தொழிலாளி. நாற்காலி அழுக்காகும் என்று நின்றுகொண்டே பேசினார்.

"என்ன மாப்ள, என் பேரை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"மிஷின்ல உங்க வருகை இல்ல மச்சான்."

"எப்படி இருக்கும்? அது எங்களை மனுஷனாவே மதிக்காது. வரிசை நகரலன்னு செக்யூரிட்டி எங்களைப் பின்வாசல் வழியா விட்டுட்டாரு. நோட்டுல எழுதிக்குவாரு. நாப்பத்தொரு பேர்."

கட்டைவிரலை நீட்டினார். வழவழவென்று இருந்தது. சாம்பல் அரித்து ரேகை போயிருந்தது.

எனக்கு இது தெரியும். கல்யாணமான புதிதில் அவள் சொல்லிச் சிரித்திருக்கிறாள்: "அண்ணனோட போனே அண்ணனை நீ யாருன்னு கேக்குதுங்க." நானும் சிரித்தேன். விதி எழுதிய நாட்களில் எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"பட்டியல் எப்ப கையெழுத்தாகுது?"

"நாலு மணிக்கு. ஆயிடுச்சுன்னா மாத்த முடியாது."

"அப்ப இங்க உக்காந்து என்ன பண்றீங்க?"

ஸ்டாம்ப் பேடை எடுத்துக்கொண்டு அவருடன் பின்வாசலுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் முதல் முறை.

நாலு மணிக்குக் குழுவின் முன் செக்யூரிட்டியின் நோட்டுகளை வைத்தேன். கம்பெனி மேலாளர் தொடக்கூட இல்லை.

"இதை நேத்து உக்காந்துகூட எழுதலாம். விதி எழுதினதே நீங்கதானே தம்பி?"

"ஆமா சார். தப்பா எழுதிட்டேன்."

சங்கத் தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர் சங்கத்தில் இல்லை.

இன்னொரு தாளை நீட்டினேன். நாற்பத்தொரு பெயர். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கறுப்புத் திட்டு. ஒன்றிலும் கோடு இல்லை. தலைமை வகித்த அரசு அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். பேடில் தன் விரலை அழுத்தித் தாளின் ஓரத்தில் வைத்தார். வரிவரியாக விழுந்தது.

"மேடம், இடம் இருக்கிறதே நானூறுதான்," என்றார் மேலாளர்.

"ரெண்டு பேட்ச்சா நடத்துங்க. உங்க சாம்பலைத்தானே சார் இவங்க அள்ளுனாங்க?" என்னிடம் திரும்பினார். "நோட்டும் செல்லும்னு திருத்துங்க. இங்கயே. காரணம் எழுதணும்."

'தயாரித்தவருக்கு முன்பே தெரிந்திருந்தும் கவனிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் படித்தார். தானும் கையெழுத்திட்டார்.

மச்சான் பின்வாசலில் நின்றிருந்தார்.

"சேத்தாச்சு. எல்லாரையும்."

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். பிறகு சொன்னார்: "அவ இருந்திருந்தா இன்னைக்கு உங்களுக்குச் சோறு கிடைச்சிருக்காது."

"கிடைச்சிருக்காது."

"வாங்க, நம்ம வீட்ல சாப்பிடலாம்."

அவள் போனதிலிருந்து ஏழு மாதமாக, அவர் கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். இன்று வண்டியில் ஏறி அவர் பின்னால் உட்கார்ந்தேன்.