பெடல் அதில் சேராது

தூ! ஒப்பந்தத்தின் எட்டாம் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதுதான் வாயில் வருகிறது. 'எரிபொருள் கட்டுப்பாட்டு அமைப்பு என்பது பம்பு, இன்ஜெக்டர்கள், கணினிப் பெட்டி ஆகிய மூன்று மட்டுமே.' அந்த 'மட்டுமே'யை எழுதிய புண்ணியவான் நான்தான். எஞ்சின் கம்பெனியில் ஒப்பந்தம் எழுதுவது என் பிழைப்பு.

அரசாங்க விதியில் அப்படி இல்லை. ஓட்டுநரின் காலடியிலிருந்து எஞ்சினுக்குள் டீசல் பாயும் இடம் வரை, அளவைத் தீர்மானிக்கும் எல்லாமே அந்த அமைப்புதான். முதல் வரைவில் நானும் பெடலையும் அதன் அடியிலுள்ள சென்சாரையும் சேர்த்துத்தான் எழுதினேன்.

"பெடலை எடுத்துடுப்பா. அது கெட்டா நாம எதுக்கு மாத்திக் கொடுக்கணும்?" என்றார் மேலாளர்.

எங்கள் ஆபீஸில் ஒரு வரியை அடித்தால், அடித்தவர் ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அடிக்கச் சொன்னவர் போட வேண்டியதில்லை. அடித்தேன், போட்டேன், போய் டீ குடித்தேன்.

மூன்று மாதம் முன்பு என் தங்கையின் கணவர் ஓட்டிய பஸ், நிறுத்தத்தில் நிற்காமல் சீறிப் போய்ச் சுவரில் மோதியது. ஒரு பயணிக்குக் கால் முறிந்தது. எங்கள் எஞ்சின்தான்.

"பெடல்லேருந்து காலை எடுத்துட்டேன் மச்சான். எஞ்சின் அடங்கவே இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார் மாப்பிள்ளை.

எரிபொருள் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு இல்லை என்று கம்பெனி அறிக்கை கொடுத்தது. பெடலை யாரும் சோதிக்கவே இல்லை. அதுதான் அமைப்பிலேயே இல்லையே! கருமம், எல்லாம் தெரிந்தும் வேலை போய்விடுமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

இன்று போக்குவரத்து அலுவலகத்தில் விசாரணை. கம்பெனிக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மேலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மாப்பிள்ளை, இஸ்திரி போட்ட யூனிஃபார்மில்.

அதிகாரி அறிக்கையை மூடினார். "அமைப்புல கோளாறு இல்லன்னா தப்பு டிரைவரோடதுதான். லைசென்ஸை ரத்து பண்ணிட வேண்டியதுதான்."

மாப்பிள்ளைக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது. எழுந்தேன். மேலாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உட்காருய்யா!"

"சும்மா இருங்க சார்" என்று கையைத் தட்டிவிட்டு, கோப்பிலிருந்த பழைய வரைவை மேஜையில் வைத்தேன். "ஐயா, இதுல பெடல் இருந்துச்சு. அடிச்சது நான். அதனாலதான் பெடலை யாரும் சோதிக்கல. ஓரத்துல இருக்கிறது என் கையெழுத்து."

அதிகாரி இரண்டு முறை படித்தார். பெடலையும் சென்சாரையும் வெளியாளை வைத்துச் சோதிக்க வேண்டும், அதுவரை லைசென்ஸில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

என் வேலை இனி இருக்காது. போகட்டும், நாறப் பிழைப்பு. படிக்கட்டில் மாப்பிள்ளை நின்றிருந்தார். கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று நினைத்து ஓடினேன்.

அவர் ஓர் அடி பின்னால் போனார்.

"மூணு மாசமா வாரா வாரம் வீட்டுக்கு வந்து, பார்த்து ஓட்டியிருக்கக் கூடாதா மாப்ளேன்னு புத்தி சொன்னீங்களே, மச்சான்."