முற்றத்தில் நின்றபடி ஓடிய டிரக்டர்

எண்பத்துநாலாம் ஆண்டு புரட்டாதியில், உழவு மாடுகள் இரண்டையும் விற்றுவிட்டு என் புருஷன் அருளம்பலம் புது டிரக்டர் வாங்கினார். கோப்பாயில் எங்கள் ஒழுங்கைக்கே அதுதான் முதல் டிரக்டர். "முதல் அம்பது மணித்தியாலம் கவனமாப் பாவியுங்கோ, பாரம் ஏத்தாதேங்கோ" என்று விற்றவர் ஒரு சொல் சொல்லிவிட்டார். போதாதா? மனுஷன் காலையில் அதை முற்றத்தில் ஸ்டார்ட் பண்ணிவிட்டு, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். நின்ற இடத்திலேயே ஐம்பது மணித்தியாலமும் ஓடி முடிய வேண்டுமாம்.

"பிள்ளை பெத்தவளுக்கே முப்பத்தொரு நாளிலை துடக்குக் கழியுது. உங்கடை மெசினுக்கு எப்ப கழியும்?" என்றேன்.

"சும்மா இரும். புது எஞ்சின்."

எப்படிச் சும்மா இருப்பது? ஐப்பசி மழைக்கு முன் வயலை உழுது விதைக்காவிட்டால் அந்த வருஷம் எங்களுக்கு நெல் இல்லை. அதோடு, அந்த மெசினைப் பார்க்கப் பார்க்க எனக்கு விடுப்பு, எல்லாவற்றையும் அறிந்துவிடுகிற ஆவல். ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடிக்குள் மணித்தியாலம் எண்ணும் சின்ன இலக்கங்கள் இருந்தன. ஒருநாள் வீட்டு மணிக்கூட்டைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வீட்டில் ஒரு மணித்தியாலம் போக, மெசினில் அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை!

அவர் கிணற்றடிக்குப் போன நேரம் ஏறி, எஞ்சின் வேகம் கூட்டுகிற தடியை இழுத்து வைத்தேன். இரைச்சல் கூடியது, அடுத்த இலக்கம் பாதி நேரத்தில் வந்துவிட்டது. அட கோதாரி! அது நேரத்தை எண்ணவில்லை, எஞ்சின் சுற்றுகிற சுற்றைத்தான் எண்ணுகிறது.

இறங்கிப் பார்த்தால் புகைக்குழாய் வாயில் கறுப்பு எண்ணெய் வடிந்திருந்தது. வேலை இல்லாமல் அதற்குச் சளி பிடித்துவிட்டது. கூட வந்த புத்தகத்தைப் புரட்டினேன். இங்கிலீஷ் எனக்கு ஓடாது, படம் போதும். மெல்ல உழுகிற மெசினுக்குச் சரி போட்டிருந்தது. நின்றபடி புகைவிடுகிற மெசினுக்குப் பிழை.

"இஞ்சருங்கோ, இப்பிடி நிண்டால் தீவாளி வந்தாலும் அம்பது வராது. படத்தைப் பாருங்கோ."

அவர் பார்க்கவில்லை. "தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுகொண்டோ குந்திக்கொண்டிருக்கிறியள்?"

என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "குணம், எனக்குப் பயமாக் கிடக்கு. இதைக் கொண்டுவந்த டிரைவர் பழக்கின அண்டைக்கு, நிப்பாட்ட ஏலாமல் மதிலடி வரைக்கும் போயிட்டன். மாடெண்டால் கயித்தைப் பிடிச்சு இழுக்கலாம். மெசின் வாங்கிறன் எண்டு ஊரெல்லாம் சொன்ன வாயாலை, ஓடத் தெரியாதெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

எனக்கு இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. பாவம், பத்து நாளாக இதை ஒருவருக்கும் சொல்லாமல் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார். மெசினோடு வந்த கலப்பையை இருவருமாக அதன் பின்னால் பூட்டினோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின் டயருக்கு மேலிருந்த மட்காட்டில் ஏறிக் குந்தினேன்.

"ஏறுங்கோ. கவிண்டால் ரெண்டுபேரும் கவிழுவம்."

அவர் ஏறினார். கியர் இரண்டு தரம் விழாமல் கரகரத்தது. ஒழுங்கையில் ஆராவது வருகிறார்களா என்று பார்ப்பதுபோல நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.