எட்டாவது ரிங்

அருள்குமாரை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் தொண்ணூற்றேழில் கோயமுத்தூரில் எஸ்டீம் காரின் ஷாக் அப்சார்பரை வீட்டு போர்டிகோவிலேயே கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அதில் கூப்பிட்டவுடன் வருகிறவன் நான் ஒருவன். அதனால் ஒரு சனிக்கிழமை காலை ராமநாதபுரத்தில் அவன் வீட்டு கேட்டுக்குள் டூல் பெட்டியோடு போய் நின்றேன்.

எனக்கென்று கடை கிடையாது. லேத்துப் பட்டறைகள் நிறைந்த கணபதிப் பகுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் வேலை கற்றுக்கொண்டு, பிறகு மொபெட்டில் பெட்டியைக் கட்டி வீடு வீடாகப் போகிறேன். வீட்டுக்காரர்கள் வண்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது வண்டியும் இருக்க வேண்டும், வண்டிக்குள் கிடந்த கேசட்டும் இருக்க வேண்டும். “கதிரு கை சுத்தமான ஆளுங்க” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதுதான் எனக்கு போர்டு, விளம்பரம், எல்லாம். அந்தப் பேச்சு மாறினால் ஒரு கேட்டும் திறக்காது.

அருள்குமாரின் சித்தப்பா மகன் மலேசியாவிலிருந்து காயில் ஓவர் செட் ஒன்று கொண்டுவந்திருந்தான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கால், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு. ஒவ்வொரு காலின் குழாயிலும் போல்ட்டில் இருப்பது போல மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் ஒரு ரிங் ஏறி ஸ்பிரிங்கைத் தாங்கும். அதைத் திருகினால் வண்டி ஏறும், இறங்கும். அது தானாகத் திரும்பிவிடாமல் அடியில் இன்னொரு ரிங்கை இறுக்கிப் பூட்ட வேண்டும். அது லாக் ரிங். காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டு.

எந்த வீடானாலும் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. சாக்கை விரித்து, உருப்படிகளை வரிசையாக வைத்து, வீட்டுக்காரரை நிறுத்தி எண்ண வைத்த பிறகுதான் ஸ்பானரைத் தொடுவேன். அருள்குமார் கேட்கவில்லை.

“எண்ணீட்டே இருந்தா எப்படா மாட்டறது? வேலயப் பாரு.”

நானும் விட்டுவிட்டேன். அந்த ஒரு தப்புக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு முன்பக்கம் இரண்டையும் மாட்டினேன். அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் வெளிநாட்டுப் பத்திரிகையை வைத்துக்கொண்டு, “இன்னும் ஒரு இஞ்சு எறக்கு, இன்னும் ஒரு இஞ்சு எறக்கு” என்றான். இதற்கு மேல் இறக்கினால் கேட்டுச் சரிவிலேயே அடி தட்டும் என்றேன். “உனக்கு என்ன தெரியும்” என்றான். எனக்குத் தெரியாவிட்டால் என்னை எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவன் அம்மா சின்னாத்தாள், வேலைக்கு வருகிறவர்களுக்கென்று காம்பவுண்டு சுவர் மேல் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். தண்ணீரோடு சேர்த்து அந்தக் கேள்வியையும் விழுங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பின்பக்கம். வலது காலை முடித்துவிட்டு இடது காலின் பையைப் பிரித்தால் ரிங் ஒன்றுதான் இருந்தது. சாக்கை உதறினேன். பெட்டியைக் கவிழ்த்தேன். லாக் ரிங் இல்லை.

“ஏனுங்க, இதுல ஒரு ரிங்கு கொறையுதுங்களே” என்றேன்.

அருள்குமார் என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தான். “நேத்து எட்டும் இருந்துச்சே” என்றான். பிறகு கொஞ்சம் தைரியம் வந்து, “கணபதிக்காரனுக்கு ஒரு சாம்பிள் சிக்கினாப் போதுமே. லேத்துல குடுத்து நூறு உருப்படி அடிச்சுபோடுவீங்களே” என்றான்.

உள்ளே இருந்த சின்னாத்தாளுக்கு அது போதும். கேட்டுக்கே வந்து நின்றார். எதிர்வீட்டு லோகப்பிரியா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“திருட்டு நாயே! ஊட்டுக்குள்ள உட்டு, தண்ணி குடுத்து, என்ற பையன் சாமானத்தவே தூக்கிட்டுப் போயிட்டியா? நேத்துச் சாயங்காலம் பொட்டியத் தூக்கிட்டுப் போறப்பவே நெனச்சேன்!”

டூல் பெட்டியைத் தெருவிலேயே கவிழ்த்துக் காட்டினேன். நேற்றே விற்றிருப்பேன் என்றார். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினேன். லோகப்பிரியா கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்று பார்த்தாள். எனக்கு அவமானமா கோபமா என்று கேட்டால் இரண்டும்தான்.

“ஆனைமலைக்குப் போயி மாசாணி அம்மனுக்கு மொளகா அரச்சுப் பூசறேன். எடுத்தவன் கை வெளங்காமப் போகோணும். நீயும் வா. தைரியமிருந்தா அங்க வந்து நில்லு” என்றார் சின்னாத்தாள்.

“வாரேனுங்க. ஆனா இந்த வண்டியில போகக் கூடாதுங்க. லாக் ரிங்கு இல்லாம ஓட்டுனா, ஸ்பிரிங்கு தாங்கற ரிங்கு திரும்பித் திரும்பி எறங்கீரும்.”

“இன்னொரு காரை எங்க ஊட்டுக்காரரு எடுத்துட்டுப் போயிட்டாரு. இதுலதான் போறோம். எந்தச் சக்கரம் அது? அதுக்கு மேலயே நீ உக்காரு. எறங்குனா உன்றகூட எறங்கட்டும்.”

இருந்த ஒரே ரிங்குக்கு அடியில் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கி, சக்கரத்தை மாட்டினேன். திருட்டுப் பட்டம் கட்டியவர்களைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, அந்தத் திருடனே வண்டியைத் தயார் செய்தான். உலகத்தில் வேறெங்கும் நடக்குமா இது?

அருள்குமார் ஓட்டினான். கேட்டுச் சரிவில் அடி தட்டியது. அப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஈச்சனாரி தாண்டியதும் என் பக்கம் தடதடவென்று ஆடியது. நிறுத்தச் சொல்லி, ஜாக்கி போட்டு, கம்பியைப் பிரித்து, இறங்கிப்போன ரிங்கைக் கொக்கி ஸ்பானரால் மேலே ஏற்றினேன். கிணத்துக்கடவில் மறுபடியும். பொள்ளாச்சிக்கு முன்னால் மூன்றாம் முறை. வெயில் மண்டையைப் பிளந்தது. சின்னாத்தாள் இறங்கவே இல்லை. அவரையும் சேர்த்துத்தான் ஜாக்கி போட்டுத் தூக்கினேன்.

அந்த மூன்றாம் முறை அருள்குமார் என் பக்கத்தில் வந்து குந்தினான். அவன் முகம் வேர்த்திருந்தது.

“டேய், திரும்பிப் போயரலாமா? அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ எடுக்கலன்னே வெச்சுக்கலாம்.”

வெச்சுக்கலாமாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. இவனுக்கு ஏதோ தெரியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அம்மன்கிட்டயே பேசிக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டு ரிங்கை இறுக்கினேன்.

கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சின்னாத்தாள் வாசலில் வரமிளகாய் வாங்கிக்கொண்டு போய் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தார். அரைத்த விழுதை நீதிக்கல்லில் பூசினால், களவு செய்தவனை அம்மன் பார்த்துக்கொள்வாள். நானும் ஒரு பொட்டலம் மிளகாய் வாங்கிப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன்.

“நீ எதுக்குடா அரைக்கறே?”

“என்னையப் பொய்யாத் திருடன்னு சொன்னவிய யாரோ, அவியள நெனச்சுத்தானுங்க.”

முதலில் சிரித்தார். நான் நிறுத்தாமல் அரைத்தேன். நெடி கண்ணில் ஏறித் தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கை தளர்ந்தது. பொய்ப் பழி சொல்லி அரைத்தால் அரைத்தவர் மேலேயே திரும்பும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அது அவருக்குத் தெரியாமல் இருக்காது. மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“அருளு, நேத்து எட்டும் இருந்துச்சா? எண்ணிப் பாத்தியா?”

அவன் தூணைப் பார்த்தான்.

“அம்மன் முன்னால நிக்கறடா. சொல்லு.”

“ரிங்கை நாந்தானும்மா எடுத்தேன்” என்றான் அருள்குமார். “பாலகோபாலு லேத்துல சாம்பிளுக்குக் குடுத்தேன். அதே மாதிரி அடிச்சு விக்கலாமுன்னு. வெள்ளிக்கெழமையே திருப்பித் தர்றேன்னான், தரல. இவன் முன்னால சொன்னா கணபதி பூராவும் தெரிஞ்சுபோகும். நமக்கு முன்னால எவனாவது அடிச்சுபோடுவான்.”

நான் செய்வேன் என்று காலையில் அவன் சொன்னதை அவனே செய்திருக்கிறான். வெளிநாட்டுச் சாமான் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் லேத்துக்கு ஓடுவதுதான் எங்கள் ஊர்ப் புத்தி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிச்சைக்கார ரகசியத்தைக் காப்பாற்ற என்னைத் தெருவில் நிறுத்திச் சட்டைப் பையை உதற வைத்தானே! அவன் குரல்வளையைப் பிடித்திருப்பேன். கை முழுக்க மிளகாயாக இருந்ததால் தப்பித்தான்.

சின்னாத்தாளுக்கு ஒரே நிம்மதி. பெருமூச்சு விட்டு, கல்லில் இருந்த தன் விழுதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

“அவ்வளவுதானா! போச்சாது போ. கதிரு, அதைக் கழுவிப்போட்டு எந்திரி கண்ணு. பொள்ளாச்சியில சாப்புட்டுப் போலாம்.”

“கழுவிப்போடறேனுங்க” என்றேன். “ஊட்டுக்குப் போயி, காலையில நின்ன அதே கேட்டுல நின்னு, எதுத்த ஊட்டம்மாவுக்கும் இஸ்திரிக்காரருக்கும் கேக்கற மாதிரி, கதிரு எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. சொல்றேன்னு இப்ப அம்மன் முன்னால சொன்னாப் போதும்.”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

“லோகப்பிரியா முன்னாலயா? அப்ப எடுத்தது யாருன்னு கேப்பாளே. என்ற பையன் பொய் சொன்னான்னு சொல்லச் சொல்றியா? நாளைக்கு அவனுக்குப் பொண்ணுப் பாக்கோணும்டா. பேரு கெட்டா வருமா?”

“எம்பேரு கெட்டுப் போச்சுங்களே.”

“உனக்கு என்னடா, உனக்குப் போறதுக்கு என்ன இருக்குது” என்றார் சின்னாத்தாள்.

திட்டவில்லை. சண்டை போடும் குரலும் இல்லை. சந்தையில் விலை சொல்வது போல, தெரிந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார். காலையில் ‘திருட்டு நாயே’ என்றபோது கூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

விழுதை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு எழுந்தேன். “டேய், வேண்டாண்டா! கதிரு! சாமி, வேண்டாஞ்சாமி!” என்று அவர் என் முழங்கையைப் பிடித்துத் தொங்கினார். அருள்குமார் குறுக்கே வந்தான். கையைக் காட்டினேன், விலகினான். நீதிக்கல்லில் மேலிருந்து கீழ் வரை ஒரு இடம் விடாமல் பூசினேன்.

அவர்கள் அழிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கை கால் விளங்காமல் போக வேண்டும் என்றும் கேட்கவில்லை. செய்யாத திருட்டுக்கு அந்த அம்மா ஒரே ஒரு நாள் தன் வீட்டு கேட்டில் நின்று, தெரு பார்க்க, முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். அதை மட்டும்தான் கேட்டேன்.

வெளியே வந்து கையைக் கழுவினேன், எரிச்சல் போகவில்லை. அவர்களுக்காகக் காத்திருக்காமல் பொள்ளாச்சி பஸ் ஏறினேன்.