பன்னிரண்டு டிகிரி

சிதம்பரத்தில் கடைசி வருடம் இன்ஜினியரிங் படித்த சுரேந்தரும் மரிய அருளும் ஒரு போட்டிக்காக ரயில் பெட்டி வடிவமைத்தார்கள். 'கீழைக்கரை ரயில்வே' என்று இல்லாத கம்பெனிக்குப் பெயரும் வைத்தார்கள். வளைவில் அந்தப் பெட்டி உள்பக்கமாகச் சாய்ந்துகொடுக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. செய்து காட்ட, பட்டறையில் இரண்டு சீட்டுள்ள பலகைப் பெட்டி ஒன்றை நிறுத்தி மோட்டார் பொருத்தினார்கள். போல்ட்டுகள் அருளின் வேலை, கம்ப்யூட்டர் சுரேந்தருடையது. எட்டு டிகிரிக்கு மேல் சாய்க்கக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள்.

பார்வையாளர்கள் வந்த அன்று, எட்டு டிகிரிக்கு யாரும் வாய் பிளக்க மாட்டார்கள் என்று சுரேந்தருக்குப் பட்டது. யாரிடமும் சொல்லாமல் பன்னிரண்டாக மாற்றினான். வேகத்தையும் கூட்டினான்.

முதலில் ஏறியது அருளின் அம்மா பாக்கியமேரி. கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்.

"புடிச்சிக்க ஒண்ணும் இல்லியா தம்பி?"

"சும்மா ஒக்காருங்கம்மா, ஒண்ணும் ஆவாது" என்றான் சுரேந்தர்.

பெட்டி வெடுக்கென்று சாய்ந்தது. அவர் சீட்டிலிருந்து வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

"போல்ட்ட நான் சரியா முடுக்கல சார். என் தப்புதான்" என்று அருள் பேராசிரியரிடம் அழுதான். பக்கத்தில் நின்ற சுரேந்தர் கம்ப்யூட்டரை மூடிவைத்தான். எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனதும் பன்னிரண்டை மறுபடி எட்டாக்கினான். அதைச் செய்த பிறகு அவனுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

இரண்டு நாள் கழித்துக் கடலூருக்குப் போனான். பாக்கியமேரி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். பள்ளி திறக்கும் நேரம். மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவர் சொல்லச் சொல்ல, அருள் மெஷினில் கோணல்மாணலாகத் தைத்துக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டு வச்சது நான், மச்சான். அப்புறம் திருப்பி மாத்துனதும் நாந்தான்."

மெஷின் நின்றது.

"நான் ஒவ்வொரு போல்ட்டா நெனச்சி நெனச்சி செத்துக்கிட்டிருந்தேன்டா" என்றான் அருள். "அம்மா கை கூடிடும். இனிமே நீ சொல்ற நம்பர நம்பி நான் யார ஏத்துவேன்?"

"அங்கயே சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார் பாக்கியமேரி.

சுரேந்தர் பேராசிரியரிடமும் சொன்னான். போட்டி நடத்தியவர்கள் இவர்களுடைய பெட்டியை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் முடித்தே தீருவேன் என்று அருள் பட்டறைக்கு வந்தான். இப்போதெல்லாம் சுரேந்தர் சாய்வு எவ்வளவு என்று சொன்னதும், அருள் எழுந்துபோய்த் தானே கோணமானி வைத்துப் பார்க்கிறான். அவன் தலையசைக்கும்வரை சுரேந்தர் மோட்டாரைத் தொடுவதில்லை.