சிவப்புத் துணி கட்டிய மூட்டை

மணல் மூட்டைக்குள் கைவிட்ட சாந்தாமணிக்கு ஒரு கிழங்கு அகப்பட்டது. இழுத்துப் பார்த்தால், கவட்டைக் குச்சி மாதிரி இரண்டு பக்கமும் கை விரித்திருந்தது. சிறுவள்ளிக் கிழங்குக்கு ஏது கவட்டை? கண்வலிக்கிழங்கு என்கிற காந்தள் கிழங்குதான் அப்படி இருக்கும். மூட்டை வாயில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். வெள்ளைதான். முடிச்சை அவிழ்த்த பிறகுதான் அவளுக்குப் பாதி உயிர் போனது. முடிச்சுக்குள் மடிந்து கிடந்த இடம் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அரை ஏக்கரில் அவளுடைய நர்சரி. ரோஜா, குரோட்டன்ஸ் என்று ஊரே விற்பதை அவள் விற்கமாட்டாள். கோடையில் தண்டும் இலையும் காய்ந்து மண்ணுக்குள் போய், மழைக்கு மறுபடி தலைகாட்டுகிற கொடிகள்தான் அவளுக்கு இஷ்டம். செடி செத்துப்போச்சு என்று சண்டைக்கு வந்தவர்களே ஆனி மாதம் துளிரைப் படம்பிடித்து அனுப்பி மன்னிப்புக் கேட்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, சொன்னால் என்ன. உறங்கும் கிழங்குகளை மணலில் போட்டு மூட்டை கட்டிவைப்பாள். எழுதி ஒட்டும் காகிதத்தைக் கரையான் விட்டுவைப்பதில்லை. அதனால் திருப்பூர் பனியன் வேஸ்ட்டைக் கிழித்து அடையாளம் கட்டுவாள். தின்னும் கிழங்குக்கு வெள்ளை, விஷக் கிழங்குக்குச் சிவப்பு. இந்த வருடத்து வெயில் சிவப்பை வெளுக்கவைத்துவிட்டது.

முந்தாநாள் இதே மூட்டையிலிருந்து, சிறுவள்ளி என்று நினைத்து, ஆறு துண்டு எடுத்துக் காகிதத்தில் சுற்றி பங்காரம்மாவிடம் கொடுத்திருந்தாள். வால்பாறையில் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா. நடுவதற்கு வசதியாகக் காந்தள் கவட்டையை ஒடித்துவைப்பது வழக்கம். ஒடித்த துண்டு மணலும் கிணலுமாக இருந்தால், பார்க்கச் சிறுவள்ளி மாதிரியேதான் இருக்கும். அதுவும் வேறொருத்தரோடு விலை பேசிக்கொண்டே எடுத்தால் கண் எங்கே பார்க்கும்? ஒன்றிரண்டை அவித்தும் பார்க்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே போனார் பங்காரம்மா. 

சாந்தாமணி அவருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. பதினோரு தடவை போட்டும் அதே பதில். வீட்டுக்காரர் கிருபாசங்கர் சொட்டுநீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி, வாயில் வைத்தாலே கசக்கும், துப்பிவிடுவார்கள் என்று ஆறுதல் சொன்னார். புளியும் மிளகாயும் போட்டுக் குழம்பு வைத்தால் கசப்பு எங்கே தெரியப்போகிறது? அவள் செடிக்காரர்களின் வாட்ஸப் குரூப்பைத் திறந்தாள். முந்நூறு பேர்.

"அதுல போடாத அம்மணி," என்றார் அவர். "நாளைக்கு உங்கிட்ட ஒருத்தன் ஒரு தொட்டி வாங்குவானா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பத்து வருட உழைப்பு. அந்த அம்மா ஆறையும் நட்டிருக்கலாம், யாருக்கும் ஒன்றும் தெரியாமலே போகலாம் என்று மனசு ஒரு நிமிடம் கணக்குப் போட்டது. போட்ட மனசை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"முந்தாநேத்து நாங் குடுத்தது சிறுவள்ளி இல்லீங்க, கண்வலிக்கிழங்கு. விஷம். தப்பு என்னுது. எங்கிட்ட வாங்குன எந்தக் கிழங்கையும் யாரும் தின்னுபோடாதீங்க. வால்பாறை பங்காரம்மா ஊடு தெரிஞ்சவங்க உடனே கூப்புடுங்க," என்று பேசி அனுப்பிவிட்டாள்.

உடனே நான்கு பேர் குரூப்பைவிட்டு வெளியேறினார்கள். ஐந்தாவதாக அமீர் ஹம்சா கூப்பிட்டார். வால்பாறையில் பேக்கரி வைத்திருப்பவர், ஆர்க்கிட் பைத்தியம். பங்காரம்மா இருக்கும் எஸ்டேட் லைன் வீடுகள் தெரியும், அங்கே டவர் எடுக்காது, நேரில்தான் போக வேண்டும் என்றார். கடையைப் பூட்டிவிட்டுச் சரக்கெடுக்கப் பொள்ளாச்சி வந்திருந்தார். அவள் பஸ் பிடித்துப் பொள்ளாச்சி போனாள்; அங்கிருந்து அவருடைய ஆம்னி வேனிலேயே அவளை ஏற்றிக்கொண்டார்.

ஆனைமலைப் பக்கம் திரும்பும்போது மாசாணியம்மனை வேண்டிக்கொண்டாள். அவங்களக் காப்பாத்து என்று வேண்டினாளா, என்னைக் காப்பாத்து என்று வேண்டினாளா, அவளுக்கே தெரியவில்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வால்பாறை போய்ச் சேர்ந்தார்கள்.

பங்காரம்மா லைன் வீட்டு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றார். சாந்தாமணிக்கு அழுகை வந்துவிட்டது. அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாவின் கையிலிருந்த வாளி மெல்லக் கீழே இறங்கியது.

"நா ஒண்ணத்தானுங்க நட்டேன். மிச்ச அஞ்சையும் லைன்ல ஆளுக்கொண்ணு குடுத்துபோட்டேனே."

அங்கே அதுதான் பழக்கம். புதுச் செடி எது வந்தாலும் அக்கம்பக்கத்துக்கு ஒரு துண்டு போகும். தன் வீட்டில் பட்டுப்போனால் அவர்கள் வீட்டிலிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

மூவரும் வீடு வீடாக ஓடினார்கள். முதல் வீட்டில் பெயின்ட் டப்பாவில் புதைத்திருந்தார்கள். இரண்டாவது வீட்டில் ஜன்னல் திட்டில் கிடந்தது. அடுத்த இரண்டிலும் மண்ணைக் கிளறி எடுத்தார்கள். நான்கு துண்டும் சாந்தாமணியின் முந்தானை மடியில் வந்து விழுந்தன. ஒவ்வொன்றாக எண்ணினாள்; இன்னும் ஒன்றுதான் பாக்கி.

கடைசி வீட்டை நோக்கி நடக்கையில் பங்காரம்மாவின் நடை தளர்ந்தது.

"அந்தப் புள்ள வடக்கிருந்து வந்து ஒரு மாசந்தான் ஆச்சுங்க. நம்ம பேச்சு வராது. நடறதுக்குன்னு கையிலதாங் காட்டுனேன். அவ சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா."

வாசல் கல்லில் கொஞ்சம் உருளைக்கிழங்குத் தோல் கிடந்தது. அதன் மேல் வேறொரு தோல், பழுப்பாக, மெல்லிசாக, ஈரம் காயாமல்; மடியில் கிடந்த துண்டுகளின் தோலேதான். கூரை ஓட்டுக்கு மேலே புகை வந்துகொண்டிருந்தது. சாந்தாமணி ஒரு கையால் மடியை இறுக்கிக்கொண்டு மறு கையால் கதவைத் தட்டினாள். உள்ளே அடுப்பிலிருந்த பாத்திரத்தில் கரண்டி கிளறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.